குடலில் பிறக்கும் மூட்டுவாதம்

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில், ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் பள்ளமுமாகச் செல்லும் வழியில் அமைந்திருப்பது கொஸ்லந்தை. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் பலர் இச்சிறு பட்டினத்தைக் கடந்தே செல்கின்றனர். சாலைக்கு மேலே மேகத்துள் மறைந்து நிற்கும் தோட்டத்து லயங்களை ஏறிட்டு நோக்குவோர் அவர்களுள் மிகச் சிலரே. அத்தகைய லயமொன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், நாம் செல்ல நேர்ந்தது. எமது வகுப்பு மாணாக்கன் ஒருவன் பத்து நாட்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. காரணம் அறியவே சென்றோம்.

அவனுடைய தாயார் காம்பராவின் வாசற்படியில் ஒரு காலை நீட்டியவாறு அமர்ந்திருந்தார். வலது முழங்கால் வீங்கிச் சூடேறி இருந்தது. இடது குதிகாலையோ காலையில் நிலத்தில் ஊன்றவே இயலவில்லை என்றார். "வாதந்தான் சேர். குளிருல மலை ஏறி ஏறி வந்த வாதம்" என்பது அவர் தீர்ப்பு. நொச்சியிலை ஒத்தடமும் காய்ச்சிய எண்ணெயும் பார்த்தாயிற்று. கடையில் வாங்கிய நோவு மாத்திரைகளும் பார்த்தாயிற்று. காலின் நோவைவிட அவரை வருத்தியது வேறு. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பர். பத்து நாட்களாக அவருக்குப் பேர் இல்லை. மகன் பாடசாலைக்கு வராததன் காரணமும் அதுவே. தாய்க்குப் பதிலாக அவன் கைக்காசு வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தான்.

மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த வைத்தியர் சிங்களவர். அரைகுறையாகத் தமிழ் பேசுவார். மிகுதியை மகன் மொழிபெயர்த்தான். முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், குதிகாலை அழுத்தினார், கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தார். பின்னர் அவர் கேட்ட கேள்வி எம்மைத் திகைக்க வைத்தது: "போன மாதம் வயிற்றால் போனதா அம்மா?"

"இல்லை ஐயா" என்றார் தாயார். வைத்தியர் மீண்டும் கேட்டார். மீண்டும் இல்லை. அப்போது அங்கு நின்ற தாதியொருவர் அவரை மறைப்புக்கு அப்பால் அழைத்துச் சென்று மெதுவாக விசாரித்தார். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. புரட்டாசிக் கடைசியில் நான்கு நாட்கள், சீதமும் இரத்தமுமாக வயிற்றுளைவு. அவருக்கு மட்டுமன்று; அந்த லயத்தில் பாதிப்பேருக்கு. வளர்ந்த மகன் முன்னிலையிலும் அவன் ஆசிரியர் முன்னிலையிலும் அதனைச் சொல்ல அப்பெண்மணிக்கு நாணமாயிருந்தது. நாம் அல்லவோ முதலிலேயே எழுந்து வெளியே சென்றிருக்க வேண்டும்! பட்டம் பெற்று, உயிரியலும் கற்பிக்கும் எமக்கு அது தோன்றவில்லை.

அன்று வைத்தியர் கேட்ட அந்தக் கேள்வியின் பொருளை அறியும் ஆவலே பின்னர் எம்மைப் பல நூல்களைப் புரட்டச் செய்தது. அவற்றில் கண்டவற்றுள் சிலவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

போர்முனையிலும் கப்பலிலும்

வயிற்றுளைவு நீங்கிச் சில கிழமைகளின் பின் மூட்டுகள் வீங்குவதை வைத்தியர்கள் நெடுங்காலமாகவே கண்டு வந்துள்ளனர். 1916ஆம் ஆண்டு, முதலாம் உலகப்போரின் நடுவில், பிரான்சு நாட்டு வைத்தியர்களான பீசஞ்சே, லெருவா ஆகிய இருவரும் ஜேர்மானிய இராணுவ வைத்தியரான ஹன்ஸ் ரைற்றர் என்பவரும், எதிரெதிர் முகாம்களில் இருந்துகொண்டே, தனித்தனியாக இதனை எழுதினர். நெடுங்காலம் இந்நோய் ரைற்றர் பெயராலேயே வழங்கிற்று. அவர் பிற்காலத்தில் நாஜிகளின் கொடிய மனிதப் பரிசோதனைகளில் தொடர்புடையவர் என்பது வெளிப்பட்டபின், வைத்திய உலகம் அப்பெயரைக் கைவிட்டது. நோய்க்குப் பெயராக நிலைக்கும் தகுதியும் சிலருக்கு இல்லை போலும்! இன்று இதனை எதிர்வினை மூட்டுவாதம் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். கிருமி நேரே மூட்டில் குடியேறாமல், உடல் அக்கிருமிக்குக் காட்டும் எதிர்வினையே மூட்டில் நோயாகத் தோன்றுகின்றது என்பது அதன் கருத்து.

1944இல் பின்லாந்துப் போர்முனையில் பெரும் வயிற்றுளைவு பரவியது. அதன் பின்விளைவாக மூட்டு நோயுற்ற 344 பேரைப் பற்றிப் பாரொனென் என்னும் வைத்தியர் 1948இல் எழுதினார். இன்னொன்று, அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றில் 1962இல் நிகழ்ந்தது. கப்பலில் இருந்தோர் 1,276 பேர். அவர்களுள் 602 பேருக்கு வயிற்றுளைவு கண்டது. ஒன்பதின்மருக்கு மட்டும் சில நாட்களில் மூட்டுகள் வீங்கின.

ஒரே கப்பல், ஒரே நோய். அறுநூற்றிருவருள் ஒன்பதின்மரைத் தேர்ந்தெடுத்தது எது? இக்கேள்விக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் விடையில்லை. 1973இல் லண்டனிலும் கலிபோர்னியாவிலும் இருந்த ஆராய்ச்சியாளர், முள்ளந்தண்டு இறுகிப்போகும் ஒருவகை மூட்டுவாத நோயாளரிடம் எச்.எல்.ஏ. பி-27 எனப்படும் பரம்பரைக் குறி மிகுதியாக இருப்பதைக் கண்டனர். குருதிக்கு இனங்கள் இருப்பதுபோல, உடலின் கலங்களுக்கும் இனங்காட்டும் குறிகள் உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று. 1976இல் அந்தப் பழைய கப்பல் நோயாளருள் ஐவரைத் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, நால்வரிடம் அக்குறி இருந்தது. பதினான்கு ஆண்டுகளின் பின்னும் அவர்களை நோய் முற்றாக விட்டிருக்கவில்லை.

வட ஐரோப்பியரிடம் மிகுதியாகவுள்ள இக்குறி எம்மவரிடம் அவ்வளவு இல்லை. ஆயினும் இல்லாமலில்லை. குறி இருப்போர் யாவரும் நோயுறுவர் என்பதுமில்லை. அவர்களிற் பெரும்பாலோர் நலமாகவே வாழ்ந்து முடிகின்றனர். குறியில்லாதோர்க்கும் இந்நோய் வருவதுண்டு.

குடலிலிருந்து முழங்காலுக்கு

குடலுக்கும் முழங்காலுக்கும் இடையே வழி ஏது? இதனை விளங்கிக்கொள்ளக் குடலின் அமைப்பைச் சற்றே அறிதல் வேண்டும்.

எமது உடலில் வாழும் நுண்ணங்கிகள் ஏறக்குறைய 38 இலட்சம் கோடி எனக் கணக்கிட்டுள்ளனர். அவற்றிற் பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்வது. உடலின் கலங்களைப்போல் பத்து மடங்கு நுண்ணங்கிகள் உண்டு என்று ஒரு காலத்தில் நாமே கரும்பலகையில் எழுதிக் கற்பித்ததுண்டு. 2016இல் வெளிவந்த கணக்கு அதைத் திருத்தி, இரண்டும் ஏறத்தாழச் சமமே என்றது. எமது பழைய மாணாக்கர் பொறுத்தருள்வாராக. இவற்றுட் பல எமக்கு நன்மை செய்வன. நாம் சீரணிக்க இயலாத நார்ப்பொருளையும் மாப்பொருளின் எச்சத்தையும் அவை நொதிக்கச் செய்து, குடற்சுவரின் கலங்களுக்கு உணவாகும் சிறு அமிலங்களை ஆக்கித் தருகின்றன.

இவ்வளவு பெரிய கூட்டத்துக்கும் குருதிக்கும் நடுவே நிற்பது, ஒற்றைக் கலத்தடிப்பே கொண்ட ஒரு மென்படலமும் அதன்மேற் படிந்த சளிப்பூச்சுமே. ஆகவேதான் உடல் தன் நோயெதிர்ப்புப் படையின் மிகப் பெரிய பகுதியை அப்படலத்தின் அடியிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றது. வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லா என்னும் கிருமி இப்படலத்தைத் துளைக்கின்றது. (1897இல் ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகா இவ்வினக் கிருமியை முதன்முதல் கண்டறிந்தார், பெயரும் அவர் பெயரிலிருந்து வந்ததே.) சல்மோனெல்லா, கம்பைலோபக்டர், யெர்சினியா ஆகிய வேறு கிருமிகளும் இவ்வேலையைச் செய்ய வல்லன. குடலில் அழற்சி மூள்கின்றது. அங்கே விழித்தெழுந்த எதிர்ப்புக் கலங்கள் குருதியோடு கலந்து உடலெங்கும் செல்கின்றன. சில மூட்டுகளின் உட்சவ்வில் தங்கி, அங்கும் அழற்சியை மூட்டுகின்றன.

1989இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். யெர்சினியாவால் நோயுற்றோரின் மூட்டுநீரை எடுத்து எவ்வளவு முயன்றும் உயிருள்ள கிருமியை அதில் வளர்க்க இயலாது. ஆனால் அந்நீரிலுள்ள வெண்குருதிக் கலங்களின் உள்ளே அக்கிருமியின் சிதைந்த துண்டுகள் இருந்தன! கிருமி குடலிலேயே மாண்டது. அதன் உடற்றுண்டுகளை எமது கலங்களே சுமந்து மூட்டுவரை கொண்டுபோய்ச் சேர்த்தன.

இன்னொரு சோதனை 1994இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தாருடையது. மேற்சொன்ன பி-27 குறியை எலிகளின் பரம்பரையிற் புகுத்தினால், அவற்றுக்குத் தாமாகவே குடலழற்சியும் மூட்டழற்சியும் உண்டாகும். அதே எலிகளைப் பிறப்பிலிருந்தே நுண்ணங்கி எதுவும் அணுகாத கூண்டில் வளர்த்தபோது, குடலிலும் அழற்சியில்லை, மூட்டிலும் இல்லை. பரம்பரை மட்டும் போதாது, குடலில் நுண்ணங்கியும் வேண்டும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை எனலாம்.

பெல்ஜியத்தின் கென்ற் நகரிலே மீலன்ற்ஸ், வெய்ஸ் ஆகிய வைத்தியர்கள் 1980களில் செய்த ஆராய்ச்சியும் இங்குக் கூறத்தக்கது. இவ்வினத்தைச் சேர்ந்த மூட்டு நோயாளரின் குடலைக் குழாய்க் கருவியால் நோக்கிச் சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டோரின் குடலில் அழற்சி இருந்தது. அவர்களுட் பலருக்கு வயிற்றில் எவ்விதத் தொல்லையும் இருந்ததில்லை.

ஒரு மாத்திரையின் கதை

நானா ஸ்வார்ட்ஸ் என்னும் சுவீடன் நாட்டு வைத்தியப் பெண்மணியை எம் மாணவியர் அறிந்திருத்தல் நன்று. ஸ்ரொக்ஹோம் நகரின் கரோலின்ஸ்கா நிலையத்திலே, பெண்கள் பேராசிரியராவது அரிதாயிருந்த காலத்தில் பேராசிரியரானவர். மூட்டுவாதத்துக்குக் கிருமியே காரணமாயிருக்கக்கூடும் என அவர் கருதினார். கிருமியை அடக்கும் சல்பா மருந்தையும், வீக்கத்தைத் தணிக்கும் சலிசிலிக்கமிலத்தின் உறவினமொன்றையும் ஒரே மூலக்கூறாகப் பிணைத்து ஒரு மருந்தை ஆக்குவித்தார். 1940களின் தொடக்கத்தில் வெளிவந்த அம்மருந்து சல்பசலசீன். மூட்டுக்கென ஆக்கிய அந்த மருந்து, பெருங்குடலில் புண்ணுண்டாகும் நீடித்த அழற்சியையும் தணித்தது. பல ஆண்டுகள் அது குடல் வைத்தியரின் மருந்தாகவே விளங்கிப் பின்னர் மூட்டு வைத்தியரிடமும் மீண்டது. இன்றும் இரு சாராரும் அதனை எழுதுகின்றனர்.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. அந்த இரு பகுதிகளையும் இணைக்கும் பிணைப்பை அறுப்பவை எமது பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்களே. அவை அறுத்தாலன்றி மருந்து இரண்டாகப் பிரிவதில்லை.

எமது பழைய வைத்திய நூலான மாதவநிதானம் 'ஆமவாதம்' என்றொரு நோயைக் கூறுகின்றது. செரியாது நின்ற உணவின் எச்சமாகிய ஆமம் மூட்டுகளைச் சென்றடைந்து வீக்கமும் நோவும் உண்டாக்கும் என்பது அதன் கொள்கை. குடலையும் மூட்டையும் இணைத்து நோக்கிய கூர்மைக்காக அதனைப் போற்றலாம். ஆனால் இன்றைய கண்டுபிடிப்புகள் யாவும் அதிலே அடங்கியிருந்தன என்று மேடையில் முழங்குவோருடன் நாம் சேரமாட்டோம். கிருமியைக் காணும் கண்ணாடி அக்காலத்தார் கையில் இல்லை.

இக்காலத்திலும் அவசர முடிவுகளுக்குக் குறைவில்லை. விரல்களைக் கோணச் செய்யும் றூமற்றொயிட் மூட்டுவாதத்தைப் பற்றி 2013இல் நியூயோர்க் ஆராய்ச்சியாளர் ஒரு செய்தி வெளியிட்டனர். புதிதாக அந்நோய் கண்ட 44 பேரில் 33 பேரின் குடலில் பிரெவொட்டெல்லா என்னும் பற்றீரியாவின் ஓரினம் இருந்தது. நோயற்ற 28 பேரில் அறுவரிடமே இருந்தது. உடனே அதுவே குற்றவாளி என எழுதிவிட்டோர் பலர். ஆனால் தானியமும் காய்கறியும் மிகுதியாக உண்ணும் மக்களின் குடலில் இவ்வினம் இயல்பாகவே பெருகியிருப்பது. இந்திய மக்களிடம் செய்த ஆய்வுகளும் அதனைக் காட்டியுள்ளன. சோறும் கீரையும் உண்போர் அனைவரும் விரல் கோணித் திரியவில்லையே! அந்நோயில் நுண்ணங்கியின் பங்கு உண்டு என்பதற்கு அறிகுறிகள் பல. எந்த நுண்ணங்கி, எவ்வழியில் என்பது இன்னும் முடிவாகவில்லை. குடலைச் சுத்தி செய்து மூட்டுவாதத்தை அறவே போக்குவோம் என்று விளம்பரஞ் செய்யும் தூள்களுக்குப் பணத்தை இறைப்போர் இதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

உணவின் வழியே குடல் நுண்ணங்கிகளைத் துணைக்கழைத்து நோயைத் தணித்த மெய்யான சோதனை ஒன்று எமக்கு அண்மையிலேயே நடந்துள்ளது. வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் டாக்டர் ராமகிருஷ்ணாவும் அவர்தம் துணைவரும், வாந்திபேதி நோயாளர் 48 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு உப்புச் சர்க்கரை நீருடன் எளிதிற் சீரணமாகாத சோளமாவைக் கலந்து கொடுத்தனர். அம்மாவைப் பெருங்குடல் நுண்ணங்கிகள் நொதிக்கச் செய்து சிறு அமிலங்களாக்க, அவை நீரை மீண்டும் உடலுக்குள் இழுக்கத் துணைசெய்தன. பேதி விரைவில் நின்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இது. வடித்து ஆறவிட்ட சோற்றிலும் இத்தகைய மா சிறிதளவு உண்டாவதாகக் கூறுவர். பழஞ்சோறு மூட்டுவாதத்தைப் போக்கும் என்று இதற்குப் பொருளல்ல. அதை ஊறவைக்கும் நீர் தூயதாயில்லாவிடின் தீங்கே விளையும்.

மீண்டும் லயத்துக்கு

அத்தாயாருக்கு அன்று வைத்தியர் முதலிற் செய்தது, முழங்காலில் ஊசியிட்டு நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியதே. மூட்டில் உண்மையாகவே சீழ் பிடித்திருந்தால் அது ஆபத்தானது. ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இவருக்கு அவ்வாறில்லை. வீக்கம் தணிக்கும் மாத்திரையும் ஓய்வும் பரிந்துரைத்தார். கிருமிக்கு மருந்து தரவில்லையா என்று நாம் கேட்டோம். குடலிலிருந்து அது நீங்கியபின் அம்மருந்துகள் மூட்டுக்கு உதவுவதில்லை என்றார். பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில், மிஞ்சினால் ஓராண்டில் குணமாகும்; சிலருக்கு நீடிக்கும்; நீடித்தால் சல்பசலசீன் போன்றவற்றை நாட வேண்டும் என்று விளக்கினார். கடையில் வாங்கிய நோவு மாத்திரைகளை நாள்தோறும் வெறுவயிற்றில் விழுங்கி வந்ததை அறிந்து அவர் கடிந்துகொண்டார். இரைப்பையைப் புண்ணாக்கவும் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் வல்லன அவை.

மூட்டு நோவு அனைத்தும் குடலிலிருந்து வருவதன்று. 2006இல் இலங்கையெங்கும் பரவிய சிக்குன்குனியாவை மறந்தோர் இலர். பிள்ளைகளுக்குத் தொண்டை நோவின் பின் ஒரு மூட்டிலிருந்து மறுமூட்டுக்குத் தாவும் நோவும் காய்ச்சலும் கண்டால், இதயத்தைத் தாக்கும் வாதக்காய்ச்சலாக இருக்கலாம். பெற்றோர் அதனை அலட்சியஞ் செய்யலாகாது. எதிர்வினை மூட்டுவாதமோ பெரும்பாலும் முழங்கால், கணுக்கால், குதிகால் என உடலின் கீழ்ப்பாதியில், ஒரு பக்கம் மிகுந்து மறுபக்கம் குறைந்து வருவது. வயிற்றோட்டத்தின் பின் ஒன்று முதல் நான்கு கிழமைக்குள் தோன்றும். கண் சிவத்தலும் சிறுநீர் எரிவும் சிலருக்குச் சேர்ந்து வரும். வயிற்று நோய் ஆறிப்போனபின் வருவதால் இரண்டையும் இணைத்து நினைப்பார் யாருமில்லை. மொழி வேறான வைத்தியரிடம், பிள்ளையின் வாயிலாகப் பேச நேரும் தாய்மாரோ நினைத்தாலும் சொல்லமாட்டார்.

மழை என்றதும் கொஸ்லந்தைப் பகுதி மக்கள் அஞ்சுவது மண்ணை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை அவர்கள் எங்ஙனம் மறப்பார்? ஆனால் அதே மழை ஓசையின்றிச் செய்யும் வேலை ஒன்றுண்டு. மலைச்சரிவில் லயத்துக்கு மேலே லயமாக அமைந்திருக்கும்போது, மேல் லயத்தின் மலசலகூடக் குழிக்குக் கீழேதான் அடுத்த லயத்தின் பீலி இருக்கும். பெருமழை பெய்தால் குழியிலுள்ளது ஊற்றோடு கலக்கும். சிகெல்லாக் கிருமி நூறு உட்சென்றாலே, ஏன், அதனினும் குறைவாகச் சென்றாலே, நோயுண்டாக்கப் போதுமானது. கையில் ஒட்டியிருப்பதே போதும்.

கொதித்தெழுந்த நீரில் அது பிழைக்காது. தேத்தண்ணீர் அருந்துவோர் தம்மையறியாமலே கொதித்த நீரை அருந்துகின்றனர். கொழுந்து மலையில் நண்பகலில் தாகம் எடுக்கும்போது கையில் அள்ளிக் குடிப்பதோ ஊற்றுநீர். எல்லோரும் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்று வகுப்பறையிலிருந்து சொல்லுதல் எளிது. மழை நாளில் ஈர விறகை ஊதி, அறுவருக்குக் குடிநீர் கொதிக்கவைத்துவிட்டுக் காலையில் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டிய பெண்ணிடம் அதைச் சொல்லும்போது எமக்கு நா எழவில்லை. பீலியை மேலே, ஊற்றின் வாயிலேயே கட்டி, மூடிய தொட்டியும் குழாயும் அமைத்து, குளோரின் இடுவது அவளுடைய வேலையன்று.

அந்த அம்மையார் ஐந்தாம் மாதத்தில் மீண்டும் மலையேறினார். வீக்கம் முற்றாக வற்றிவிட்டது. குதிகால் மட்டும் குளிர் காலையில் சிறிது நினைவூட்டும் என்பார். மகன் படிப்பைத் தொடர்ந்து உயர்தரப் பரீட்சை எழுதினான். சென்ற மார்கழியில் நாம் அவ்வழியே சென்றபோது, பீலிக்கரையில் குடத்துடன் நின்ற இளம்பெண் ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். அவளைப் பார்த்து இவர் கேட்டது எம் காதில் விழுந்தது:

"ஏன்டி, போன மாசம் ஒனக்கு வயித்தால போச்சா?"